வாசகர் கேள்வி – பதில்: முருகைக்கல்லும் மலைநாட்டு மண்ணும்

இரண்டு இதழ்களுக்கு முன்னர், நிலாவெளிக் கடலின் முருகைக்கற்பாறைகளைப் பற்றி இப்பகுதியில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். கரையோர மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வருமென்று எதிர்பார்த்திருக்க, வந்தவற்றுள் பெரும்பாலானவை பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களிலிருந்தே வந்திருந்தன. தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று கடல் சூழலியலாளராக ஆண்டில் பாதியைக் கிழக்குக் கடலில் கழிப்பவள் என்பதால், இக்கடிதங்களைப் படிக்கையில் எனக்கு ஊரிலிருந்து வந்த தபாலைப் பிரிப்பது போலவே இருந்தது. இடத்துக்கு ஏற்பச் சிலவற்றைத் தெரிந்தெடுத்து விடையளிக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பதுளை: மகளே, நான் கற்பித்த புவியியல் நூலில் 'முருகைக்கல்' என்று இருந்தது. தமிழகத்துச் சஞ்சிகைகள் 'பவளப்பாறை' என்கின்றன. என் மனைவியின் மோதிரத்தில் இருப்பதும் பவளம் என்றே சொல்லி விற்றார்கள். மூன்றும் ஒன்றா? அது கல்லா, செடியா?

ஐயா, முதல் இரண்டும் ஒன்று; மூன்றாவது வேறு. அம்மாவின் மோதிரத்தில் இருக்கும் செம்பவளம், பெரும்பாலும் மத்தியதரைக் கடலின் ஆழத்தில் வாழும் ஓர் உயிரினத்தின் எலும்பு போன்ற பகுதி. அதன் ஒவ்வோர் உயிருக்கும் எட்டுக் கைகள் உண்டு. அது பாறை கட்டுவதில்லை. பாறை கட்டுகின்ற நம் கடல் இனங்களுக்குக் கைகள் ஆறு, பன்னிரண்டு என்று ஆறின் மடங்காக அமையும். உள்ளிருக்கும் கல்லும் சிவப்பாக இராமல் வெள்ளையாகவே இருக்கும். இந்தக் குழப்பம் நேராதிருக்கவே 'முருகைக்கல்' என்ற நம் சொல்லை நான் விடாமல் பயன்படுத்துகிறேன். ஆசிரியர் ஒருவர் அதை நினைவுபடுத்தியதில் மகிழ்ச்சி.

கல்லா, செடியா என்ற வினாவுக்கு விடை, விலங்கு என்பதே. 'பொலிப்பு' எனப்படும் அந்த விலங்கு பலவற்றில் சில மில்லிமீற்றர் அளவே இருக்கும். ஒரு சிறு பை, அதன் மேல்முனையில் வாய், வாயைச் சுற்றிக் கைகள், அவ்வளவுதான். கடல்நீரிலிருந்து கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தனக்குக் கீழே ஒரு சிறு கிண்ணம் கட்டிக்கொண்டு, அதன் மேல் அமர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பொலிப்புகள் ஒட்டி வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கிண்ணத்தின் மேல் கிண்ணம் கட்டியதன் விளைவையே நாம் பாறை என்கிறோம். செடி என்று நீங்கள் ஐயுற்றதிலும் பாதி நியாயம் உண்டு. பொலிப்பின் உடலுக்குள், அதன் கலங்களுக்குள்ளேயே, அல்காக்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசியினங்கள், குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதிற் பெரும்பங்கைத் தங்கியிருக்கும் வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகின்றன. முருகைக்கல்லின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அந்தக் குடியிருப்பாளரின் நிறங்களே.

வளர்ச்சி மிக மெதுவானது. கிளை கிளையாக வளரும் இனங்கள் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவு நீளக்கூடும். உருண்டையாகத் திரளும் இனங்களோ ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டது 1867 இல். அந்த ஆண்டு கடலடியில் உயிர் பிடித்த ஓர் உருண்டைக் கல், இன்று ஒன்றரை மீற்றர் உயரத்தை எட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றின் மேல் படகின் நங்கூரம் விழுவதைப் பார்க்கும்போது, நூறு வருடத் தேயிலை மலையொன்றை ஒரே நாளில் பிடுங்கி எறிவதைப் பார்ப்பது போன்ற வருத்தம் உண்டாகிறது.

உயர்தர உயிரியல் மாணவி, ஹட்டன்: அக்கா, கடல் சூழலியலாளர் என்பவர் நாள் முழுவதும் உண்மையில் என்ன செய்வார்? நீந்தத் தெரியாத மலைநாட்டுப் பிள்ளை அந்தத் துறைக்கு வரலாமா?

வரலாம். நான் நீந்தக் கற்றது இருபத்து மூன்றாம் வயதில். அதுவரை தண்ணீர் என்றால், 'ஆத்துப் பக்கம் போகாதே' என்ற அம்மாவின் குரல்தான் காதில் விழும். பல்கலைக்கழக நீச்சல் தடாகத்தில் என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு சுவரைப் பிடித்தபடி கால் அடித்த அந்த மாதங்களைப் பற்றி இப்போது வெட்கமில்லை.

வேலை என்னவென்றால், பெரும்பாலும் எண்ணுவது. ஐம்பது மீற்றர் நீளமுள்ள அளவு நாடாவொன்றைப் பாறையின் மேல் விரிப்போம். அரை மீற்றருக்கு ஒரு முறை நாடாவுக்கு நேர் கீழே இருப்பது உயிருள்ள முருகைக்கல்லா, இறந்த கல்லா, அல்காவா, மணலா என்று குறிப்போம். அப்படி நூறு புள்ளிகள். ஆகவே எண்ணிக்கையே சதவீதமாகிவிடும். எழுதுவதற்கு உரசிய பிளாஸ்டிக் பலகையும் சாதாரணப் பென்சிலும் போதும். பேனை எழுதாத இடத்தில் பென்சில் எழுதும் என்பது நான் கடலில் கற்ற முதற்பாடம். இதே வேலையை அதே இடத்தில் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் செய்ய வேண்டும். பாறையில் அடித்து வைத்த இரும்புக் கம்பிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே அரை நாள் போய்விடுவதுண்டு. ஒரு முறை எடுத்த கணக்கால் பயன் குறைவு. பத்து ஆண்டு தொடர்ந்து எடுத்த கணக்குத்தான், இங்கே ஏதோ நடக்கிறது என்று சொல்லும். வெப்பமானிகளை நீருக்குள் கட்டி வைத்து மாதக்கணக்கில் பதிவெடுப்பதும், நீரின் கலங்கலை அளப்பதும், மீன்களை இனம் பிரித்து எண்ணுவதும் இதனுடன் சேரும். நீருக்குள் பத்து நாள் என்றால், எடுத்த புகைப்படங்களோடு கணினியின் முன்னால் இரண்டு மாதம்.

இன்னொன்று: இந்த வேலையின் நாட்காட்டி நம் மழையின் மறுபக்கம். தென்மேற்குப் பருவம் ஹட்டனை நனைக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் தெளிந்து அமைதியாகக் கிடக்கும். 'கொழுந்து எடுக்க முடியாத மழை' என்று அம்மா தொலைபேசியில் சொல்லும் நாள், பெரும்பாலும் எனக்குக் கடலில் இறங்கும் நாள்.

படிப்புக்கு ருகுணுப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில், கடல் விஞ்ஞானங்களுக்கென்றே ஒரு பீடம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வழியுண்டு. கடலிலிருந்து வெகு தொலைவில், பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலேயே நீரியல் வளங்களுக்கான பட்டப்படிப்பு இருக்கிறது என்பது நம் பிள்ளைகளிற் பலருக்குத் தெரிவதில்லை.

மரக்கறி விவசாயி, நுவரெலியா: அண்மையில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர்கள், 'உங்கள் தோட்டத்து மண் கழுவிச் சென்று கடலின் முருகைக்கல்லைக் கொல்கிறது' என்று எங்களிடம் சொன்னார்கள். நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் கடலுக்குக் கால் ஏக்கர் வைத்திருக்கும் நான் பொறுப்பா?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

சேறு முருகைக்கல்லைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. அல்காவுக்கு ஒளி வேண்டும். கலங்கிய நீர் ஒளியை மறைக்கிறது. மேலே படியும் நுண்ணிய வண்டலைப் பொலிப்பு தன் சளியாலும் நுண்மயிர்களாலும் தள்ளிவிடப் பார்க்கும். அதற்குச் செலவாகும் சக்தி, வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் உரியது. வண்டல் தொடர்ந்து விழுந்தால் மூச்சடைத்து இறந்துபோகும். இவற்றைவிடப் பேசப்படாத ஒரு கேடு உண்டு: கடலில் மிதந்து வரும் முருகைக்கற் குடம்பி, அதாவது அதன் இளம் பருவ உயிர், உறுதியான, துப்புரவான தரை கிடைத்தால்தான் ஒட்டும். சேற்றுப் படலத்தின் மேல் அது ஒட்டாது. ஆகவே பழையவை தாக்குப்பிடித்து நின்றாலும், புதியவை வராமற் போகும். பெரிய ஆறுகளின் முகத்துவாரங்களில் நல்ல முருகைக்கற்பாறைகளைக் காண்பது அரிது என்பதற்குச் சேறும் நன்னீரும் சேர்ந்தே காரணம்.

இனி உங்கள் மண்ணின் பயணத்தைப் பார்ப்போம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியார் விரிகுடாவில் விழுகிறது. ஆனால் உங்கள் பாத்தியிலிருந்து அடித்துச் செல்லப்படும் மண்ணின் பெரும்பகுதி அதுவரை போவதில்லை. இடையில் கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று அணைகள் வரிசையாக நிற்கின்றன. ஊவாப் பக்கத்து மரக்கறிச் சரிவுகளின் மண் உமா ஓயா வழியாக ரந்தம்பையிற் போய்த் தங்குகிறது. பொல்கொல்லையும் ரந்தம்பையும் சேறு நிரம்பிக் கொள்ளளவு இழந்தமை எல்லோரும் அறிந்ததே. எனவே கூட்டத்துக்கு வந்தவர்கள் உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது முருகைக்கல்லைப் பற்றியல்ல. உங்கள் மண் உங்கள் மின்சாரத்தையும் கீழ்நாட்டு வயலின் தண்ணீரையும் குறைக்கிறது என்பதைப் பற்றியே. பெரிய அணைகள் மறிக்காத நில்வளா கங்கை, ஜின் கங்கை போன்றவற்றின் கதை வேறு. மலையடிவாரத்துத் தேயிலைக் காணிகளினூடாக வரும் அந்த ஆறுகள் வெள்ளக் காலத்தில் மாத்தறை, காலிக் கரைகளில் கடலைச் செம்மண் நிறமாக்குவதை யாரும் காணலாம்.

அணையில் தங்காமற் போவது ஒன்றுண்டு. அது நீரிற் கரைந்த உரம். உரத்தில் உள்ள நைத்திரேற்றுக்கு அணை பெரிய தடையல்ல. உங்கள் ஊர்க் கிரகரி வாவி பச்சையாக மாறுவதைப் பார்த்திருக்கும் உங்களுக்கு உரம் தண்ணீரை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடலிலும் அதே நிகழ்ச்சிதான். பாறையின் மேல் பாசி தழைத்து முருகைக்கல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. ஆறு கடலுக்குக் கொண்டு செல்ல வேண்டிய பொருளும் ஒன்று இருக்கிறது, அது மணல். அணைகளாலும் ஆற்று மணல் அகழ்வாலும் அது போய்ச் சேருவதில்லை. மகா ஓயாவில் அளவுக்கு மீறி மணல் அள்ளியதன் விலையை நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையிலான கரை இன்று கொடுத்துக்கொண்டிருக்கிறது. தென்னந்தோப்புகளும் வீடுகளும் கடலுக்குள் போகின்றன. போகக்கூடாத சேறு போகிறது, போக வேண்டிய மணல் போவதில்லை.

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். செங்குத்தான சரிவில் கிழங்கு போடுவதற்கு ஒருவரைத் தள்ளிவிட்டு, பிறகு அவரையே குற்றவாளி என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது; அதை எழுதியவர்களின் காலத்தில் நீங்கள் பிறந்தே இருக்கமாட்டீர்கள். ஆனால் மண்ணைத் தடுக்கும் கலை நமக்குப் புதிதல்ல. என் தாத்தா கான், அதாவது மலைச்சரிவு வடிகால், வெட்டுவதில் பெயர் பெற்றவர். சரிவுக்குக் குறுக்கே கான் ஓட்டி, அதில் இடையிடையே குழி விட்டு, மழை நின்றதும் குழியில் தங்கிய மண்ணை அள்ளி மீண்டும் தேயிலையின் தூரிற் போடுவார்கள். கல்லுக்கட்டும், கவாத்துக் குப்பையை நிலத்திலேயே பரப்புவதும் அப்படியே. இன்று ஆள் பற்றாக்குறை என்று சொல்லிப் பல மலைகளிற் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. கால் ஏக்கரில் நீங்கள் வெட்டும் கானைவிட, நூற்றுக்கணக்கான ஏக்கரில் வெட்டாமல் விட்ட கான்களே என்னை அதிகம் கவலைப்படுத்துகின்றன.

இல்லத்தரசி, மஸ்கெலியா: நாங்கள் வாங்கும் கருவாடும் நெத்தலியும் முருகைக்கல்லுக்குக் கேடு செய்யுமா?

நெத்தலியும் சாளையும் சூரையும் பாறையை நம்பி வாழ்பவை அல்ல; கவலையின்றிக் குழம்பு வையுங்கள். பாறையிலேயே வாழும் கிளிமீனை மட்டும் தவிர்த்துவிட்டால் நல்லது. பாறையில் முளைக்கும் பாசியைச் சுரண்டித் தின்று முருகைக்கல்லுக்கு இடம் விடுவது அதன் தொழில். கடலின் புல்வெட்டுக்காரர் என்று சொல்லலாம். வெடி வைத்துப் பிடித்த மீன் சட்டவிரோதமானது. ஆனால் கருவாடாகி மலையேறிய பின்னர் அதை இனங்காண உங்களால் முடியாது. அதைத் தடுப்பது கரையில் இருப்பவர்களின் வேலை.

அரச ஊழியர், கண்டி: 2004 ஆழிப்பேரலையின்போது முருகைக்கற்பாறை இருந்த ஊர்கள் தப்பின, கல்லை வெட்டியெடுத்த ஊர்கள் அழிந்தன என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

கல்லை வெட்டியதன் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். முருகைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டாற் சுண்ணாம்பு. தீபாவளிக்கு முன்னர் லயத்துச் சுவருக்கு அடிப்பதற்கும், வெற்றிலையிற் தடவுவதற்கும், கட்டடச் சாந்துக்கும் இந்த நாட்டில் நெடுங்காலம் பயன்பட்ட சுண்ணாம்பிற் பெரும்பகுதி தென்மேற்குக் கரைச் சூளைகளிலிருந்து வந்தது. அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடைப்பட்ட கரையில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் கல் சூளைக்குச் சென்றதாக 1984 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பொன்று காட்டியது. அதில் ஒரு பங்கு கடலிலிருந்தே உடைத்தெடுக்கப்பட்டது. எஞ்சியதில் நிலத்தினடியிற் புதைந்து கிடந்த பழைய பாறையும், கரையொதுங்கிய துண்டுகளும் அடங்கும். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இல் வந்தது. 1988 திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னரும் களவாக நடந்தது. சூளையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாட்கூலியைப் பறித்தால் வயிறு என்ன செய்யும் என்பதை மலையகத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு 2004 டிசெம்பர் 26. ஹரீந்திர பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், பாறை பெருமளவு எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் நீர் ஏறத்தாழ ஐம்பது மீற்றரே உட்புகுந்தது என்றும், சில கிலோமீற்றர் தள்ளி, கல் வெட்டப்பட்டிருந்த பெரலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை சென்றது என்றும் பதிவு செய்தார்கள். இரயிலொன்று அலையில் அகப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அந்தப் பெரலியவில்தான்.

ஆயினும் இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஆழிப்பேரலையை இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் ஆராய்ந்தவர்கள், அங்கே சேதத்தைத் தீர்மானித்தது அலையின் உயரமும் நிலத்தின் அமைப்புமே, பாறை அல்ல என்று கண்டார்கள். மிகப் பெரிய அலைக்கு முன்னால் எந்தப் பாறையும் முழுக் காவல் அல்ல. அன்றாட அலைக்கும் பருவக்காற்றுக் காலத்துக் கொந்தளிப்புக்கும் கதை வேறு: உலகின் பல கடல்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014 இல் வெளியான ஆய்வு, முருகைக்கற்பாறை அலையின் சக்தியிற் சராசரியாக 97 சதவீதத்தை உடைத்துவிடுகிறது என்றது. கரை அரிப்புக்கு எதிராக இதைவிட மலிவான சுவரை யாரும் கட்டித் தர மாட்டார்கள். ஆழிப்பேரலைக் கதையை மட்டுமே முன்வைத்துப் பாதுகாப்புப் பேசுபவர்களோடு எனக்கு உள்ள பிணக்கும் இதுதான். தினமும் நடக்கும் காவலை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், பண்டாரவளை: முருகைக்கற்கள் வெளுத்துப் போயின என்று செய்தியிற் சொல்கிறார்கள். வெளுத்தால் செத்துவிட்டது என்று அர்த்தமா? மண்ணைத் தடுத்தால் அது நின்றுவிடுமா?

வெளுத்தல் என்பது இறப்பல்ல, இறப்பின் வாசல். நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் மட்டும் கூடிச் சில வாரங்கள் நீடித்தால், உள்ளே குடியிருக்கும் அல்காவை முருகைக்கல் வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், மெல்லிய சதைக்குக் கீழே வெள்ளைக் கல் தெரிகிறது. ஒரு பாகைதானா என்று கேட்கலாம். தை, மாசியில் நுவரெலியாவில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் மறுநாள் கொழுந்து கருகிக் கிடப்பதைக் கண்டவர் நீங்கள். அதற்கும் இரண்டொரு பாகைதான் கணக்கு. தண்டு தப்பினால் தேயிலை மறுபடி துளிர்ப்பது போல, வெப்பம் விரைவிற் தணிந்தால் அல்காக்கள் திரும்பி வந்து முருகைக்கல்லும் பிழைக்கும். தணியாவிட்டாற் பட்டினியால் இறக்கும். அதன் பின்னர் சில நாட்களிலேயே பாசி ஏறிவிடும்.

நம் கடலில் வெப்பம் உச்சமடைவது சித்திரை, வைகாசியில், தென்மேற்குக் காற்று தொடங்குவதற்குச் சற்று முன். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்த 1998 ஆம் ஆண்டில் தெற்கிலும் மேற்கிலும் ஆழங்குறைந்த பாறைகள் பெரும்பாலும் இறந்துபோயின. ஹிக்கடுவையும் கல்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃப் என்ற பாறைத்தொடரும் அவற்றுள் அடங்கும். திருகோணமலைப் பக்கம் அப்போது பெரிதும் தப்பியது. நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய அர்ஜன் ராஜசூரிய போன்றவர்கள் ஆண்டுக்கணக்காக நாடா விரித்து எடுத்த கணக்குகள் இருந்தமையாற்றான் இதை இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பார் ரீஃபிலோ, மேசை போல விரியும் இனங்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளில் மீண்டும் தழைத்தன. பின்னர் 2016 இன் வெப்பம் அதையும் அழித்தது. நான்காவது உலகளாவிய வெளுத்தல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது; 2023 இலிருந்து 2025 வரையில் உலக முருகைக்கற்பாறைப் பரப்பில் ஏறத்தாழ 84 சதவீதம் வெளுக்கவைக்கும் அளவு வெப்பத்துக்கு உள்ளாகியது.

எனவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை, நிற்காது என்பதே. காபனீரொட்சைட்டால் சூடாகும் கடலை எந்தக் கானும் தணிக்காது. காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2018 இல் சொன்னபடி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடப் பூமி ஒன்றரைப் பாகை சூடானால் முருகைக்கற்களில் 70 முதல் 90 சதவீதம் குறையும். இரண்டு பாகையென்றால் 99 சதவீதத்துக்கும் மேல். அப்படியானால் சேற்றைத் தடுப்பது ஏன் என்று நீங்கள் கேட்பது நியாயம். வெளுத்த பாறை மீண்டு எழ அதற்குப் பத்து, பதினைந்து ஆண்டு அமைதி வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஒரே பாறை கடுமையாக வெளுப்பது இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு ஒரு முறை என்றிருந்தது. அது இப்போது உலகச் சராசரியில் ஆறாண்டாகிவிட்டது. அந்தக் குறுகிய இடைவெளியில் குடம்பி ஒட்டுவதற்குச் சுத்தமான தரையும், பாசியைத் தின்ன மீனும் இருந்தால் பாறை ஓரளவாவது எழும். சேறும் பாசியும் மூடியிருந்தால் அதுவும் இல்லை. நான் செய்யும் வேலையின் பயன் இவ்வளவுதான் என்பதை நானே மிகைப்படுத்த விரும்பவில்லை.

நாற்றுத் தவறணை மேற்பார்வையாளர், தலவாக்கலை: தேயிலைக்குத் தவறணை வைப்பது போல முருகைக்கல்லுக்கும் வைக்க முடியாதா?

உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்தேன், ஐயா, ஏனென்றால் செய்வது கிட்டத்தட்ட அதேதான். ஆரோக்கியமான முருகைக்கல்லிலிருந்து விரலளவு துண்டுகளை எடுத்து, கடலடியில் நிறுத்திய சட்டங்களிலோ கற்பலகைகளிலோ கட்டிவைத்து, வளர்ந்த பின்னர் சிதைந்த பாறையில் நடுகிறார்கள். தேயிலைத் தண்டைப் பையில் ஊன்றுவது போலவே இதுவும் தாயின் நகல். ஆகவே ஒரே தாயிலிருந்து ஆயிரம் துண்டு எடுத்து நட்டால், அந்தத் தாயைக் கொல்லும் வெப்பம் ஆயிரத்தையும் கொல்லும். ஒரே குளோனை மலை முழுவதும் நடக்கூடாது என்று தேயிலை ஆராய்ச்சியாளர்கள் நமக்குச் சொல்வதன் காரணமும் இதுவே. பல தாய்களிலிருந்து, குறிப்பாக வெளுத்தும் பிழைத்தவற்றிலிருந்து, துண்டு எடுப்பதே நல்ல முறை. ஆனால் முதற் பாறையைக் கொன்ற காரணம் அந்த இடத்தில் இன்னும் இருந்தால், நடுவது பணத்தைக் கடலிற் போடுவதாகும். புகைப்படத்துக்காக நடப்பட்டு ஓராண்டில் இறந்த துண்டுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

வர்த்தகர், மாத்தளை: நம் முன்னோர் தோணியிற் கடந்து வந்த மன்னார்க் கடலில் முருகைக்கல் இருக்கிறதா?

தாராளமாக. தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் கடந்த கடலின் தமிழகக் கரையோரம், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சுற்றி முருகைக்கற்பாறைகள். இந்தியா 1986 இல் அவற்றைக் கடல் தேசிய பூங்காவாக்கியது. அதற்கு முன்னர் பல ஆண்டு காலம் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அங்கே கல் வெட்டியதன் விளைவாகப் அந்த 21 இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவும் அவ்வாறே கரைந்துகொண்டிருந்தது. 2015 இலிருந்து அதன் முன்னால் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைக் குறைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் முருகைக்கல்லைத் தமிழிலேயே மீனவர்களுக்கு விளக்கி வருகிறது என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். நம் கரையில் அந்த வேலை இன்னும் போதாது.

ஆசிரியை, ஹப்புத்தளை: பள்ளிச் சுற்றுலாவில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். என்ன சொல்லி வைக்க வேண்டும்?

முருகைக்கல்லின் மேல் நிற்கக் கூடாது. மீனுக்குப் பாண் போடக் கூடாது. கரையில் கிடக்கும் வெள்ளைத் துண்டையும் எடுத்து வரக் கூடாது. அது 2003 இலிருந்து தேசிய பூங்கா. ஒரு சிப்பியை எடுத்தாலும் குற்றம். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகுக்காரர் யாரேனும் ஏற்றினால், ஏறவிடாதீர்கள். பிளாஸ்டிக் பைகளைப் பேருந்திலேயே விட்டுச் செல்லுங்கள்: ஆசிய, பசிபிக் கடல்களில் 159 பாறைகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட முடிவின்படி, பிளாஸ்டிக் சுற்றிய முருகைக்கல்லுக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 89 சதவீதமாகக் கூடுகிறது.

ஆறாம் வகுப்பு மாணவன், நோர்வூட்: முருகைக்கல்லைத் தொட்டால் அதற்கு வலிக்குமா?

தம்பி, பொலிப்புக்கு மூளை கிடையாது. உடல் முழுவதும் வலை போல ஒரு நரம்புப் பின்னல் மட்டும் உண்டு. தேயிலை மலையில் தொட்டாற்சுருங்கியைத் தொட்டுப் பார்த்திருப்பாய். பொலிப்பும் அப்படித்தான், தொட்டவுடன் கைகளை இழுத்துக் கிண்ணத்துக்குள் ஒடுங்கிவிடும். பகலில் நீ பார்த்தால் பல இனங்கள் வெறுங்கல் போலவே இருக்கும்; இரவில்தான் கைகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும். நான் முதன்முறை டோர்ச்சோடு இரவில் இறங்கியபோது, பகல் முழுவதும் நாடா விரித்து எண்ணிய அதே பாறைதானா இது என்று கம்பியைத் தடவிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். கல் முழுவதும் பூத்திருந்தது.